மூன்று பேரா, நான்கு பேரா

அன்பு மகளுக்கு,

டிசம்பரில் சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளைத் தனிப்படகில் சுற்ற வேண்டும், "நாங்கள் மூன்று பேர்" என்று எழுதியிருந்தாய். அம்மா அந்த வரியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் படகுக்காரர் கேட்பார். வாடகைப் படகுக்கு கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் உண்டு. இத்தனை பேர்தான் என்று அதில் இருக்கும், பிள்ளைகளும் கணக்கில் சேர்த்தி. ஆள் குறைந்தால் தொல்லையில்லை, கூடினால் ஏற்றமாட்டார்கள். கூட்டியே சொல்லிவை.

காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை எடு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். வாடகை நேரம் கிளம்புவதிலிருந்தா, திரும்பிக் கரை தொடும் வரையா என்று முதலிலேயே கேள். தேதி குறிக்குமுன் கடல் ஏற்றவற்றப் பட்டியலைப் பார். இங்கே வித்தியாசம் மூன்று மீட்டர் வரை போகும். லாசரஸ் தீவில் பெரிய படகு தள்ளித்தான் நங்கூரம் போடும், கரைக்குச் சிறுபடகில் போக வேண்டும். நீர் வற்றினால் அதன் விசிறி மணலில் தட்டும்; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்க வேண்டிவரும். ஒருவர் மேலிருந்து கொடுக்க, ஒருவர் கீழே நின்று வாங்க வேண்டும். அம்மா படகில் கால் வைக்கமாட்டாள், என் முழங்கால் கதை உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு நீச்சலும் தெரியும்.

கெப்பல் பே மரினாவில் ஏறு. லாப்ரடார் முனைக்கும் சிலோசோ கோட்டைக்கும் நடுவே வெளியே வருவீர்கள். பழைய மாலுமிகள் லொங் யா மென் என்ற டிராகன் பல் பாறை அங்கேதான் நின்றது. கப்பல் வழியை அகலமாக்க 1848இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். கரையில் இப்போது நிற்பது 2005இல் வைத்த மாதிரி. பெரியவளுக்குக் காட்டு. செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874இல் நோய் பரவாமல் பயணிகளைத் தனிமைப்படுத்தும் முகாம் திறந்தார்கள், முந்தைய ஆண்டின் காலரா காரணம். நம் ஊரிலிருந்து கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்களை அங்கேதான் இறக்கினார்கள். தாத்தா சொன்னதையெல்லாம் பிள்ளைகளுக்கு நீதான் சொல்ல வேண்டும். கூசு தீவுக்கும் போகலாம்; குன்றின் மேல் கெராமாட் என்னும் மலாய்ப் புனிதர் தலத்துக்கு 152 படி. நேரம் போதாவிட்டால் விட்டுவிடு.

குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடு. வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. ஓடும்போது பரவாயில்லை, நங்கூரமிட்டு நிற்கும்போதுதான் பெரிய கப்பல் கிளப்பும் அலையில் படகு உருளும். அப்போது கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. இரட்டை அடிப்பாகம் உள்ள கேட்டமரான் அவ்வளவாக ஆடாது, வாடகை கூடத்தான். கழிவறையில் டிஷ்யூ போடாதே, உடனே அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் தனியாகவே சமாளித்துவிடுவாய். பள்ளிக் காலத்திலேயே அப்படித்தான், எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதமாக மாப்பிள்ளை குரலே போனில் கேட்கவில்லையே. வேலை அதிகம் என்கிறாய். சரி. மூன்று பேரா, நான்கு பேரா என்று எழுது, முன்பணம் நான் கட்டுகிறேன்.

பிள்ளைகளின் மிதவைச் சட்டை வயதுக்கல்ல, எடைக்கு. போட்டபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்; காது வரை ஏறினால் பெரிது. கால் இடுக்கில் வார் உள்ளதாகக் கேள். சின்னவன் இப்போது எத்தனை கிலோ? அதை மட்டும் இன்றே அனுப்பு.

அப்பா