லீட்ஸ் கிராமர் ஸ்கூலும் 1805 தீர்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கிராமர் பள்ளிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் லீட்ஸ் கிராமர் ஸ்கூலுக்கு அதில் கிடைத்தது ஒரே வரி: லத்தீன், கிரேக்கம் தவிர வேறெதையும் கற்பிக்கக் கூடாது என்று 1805-இல் நீதிமன்றம் தடை விதித்ததாம். பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில் அந்த வழக்கு அறக்கட்டளைப் பணத்தைப் பற்றியது.

1552-இல் வில்லியம் ஷீஃபீல்ட் என்ற பாதிரியார் எழுதிய உயிலிலிருந்து தொடங்க வேண்டும். நாடி வரும் பிள்ளைகளுக்கு என்றென்றும் இலவசமாகக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தச் சொத்து ஒதுக்கினார். பள்ளிக்கட்டடத்தை ஊரார் தர வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார். 1624-இல் ஜான் ஹாரிசன் என்ற வணிகர் புதுக் கட்டடம் எழுப்பினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லீட்ஸ் கம்பளித் துணி வணிகத்தில் செழித்திருந்தது. ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் பிரெஞ்சும் ஜெர்மனும்தான் உடனடித் தேவை. அறக்கட்டளை வருமானத்திலிருந்தே அவற்றுக்கு ஆசிரியர் வைக்கலாம் என்றது நிர்வாகக் குழு. தலைமையாசிரியர் ஒப்பவில்லை. வழக்கு, அறக்கட்டளைச் சொத்து வழக்குகளை விசாரிக்கும் சான்சரி நீதிமன்றம் போனது.

அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான லார்டு சான்சலர் எல்டன், சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியைத் துணைக்கு எடுத்தார். அதன்படி, செம்மொழிகளை இலக்கண முறைப்படி கற்பிக்கும் இடமே கிராமர் பள்ளி. அதற்காக எழுதிவைத்த பணத்தை வணிகப் படிப்புக்குத் திருப்பிவிட முடியாது என்பது அவர் முடிவு. மற்ற பாடங்களைச் சொல்லிக்கொடுப்பதே சட்டவிரோதம் என்று அவர் சொல்லவில்லை. பல ஊர்களில் எழுத்தும் கணக்கும் தனிக் கட்டணத்துக்குத் தொடர்ந்து கற்பிக்கப்பட்டன. இதில் அடிபட்டது ஏழைப் பிள்ளைதான்: இலவசமாக வேண்டுமானால் லத்தீன், பிழைப்புக்கான படிப்பு வேண்டுமானால் காசு.

1840-இல் வந்த கிராமர் பள்ளிகள் சட்டம் இதைத் தீர்த்துவிட்டது என்று கட்டுரையாளர் எழுதுகிறார். பாடங்களை விரிவாக்க நீதிமன்றத்துக்கு அச்சட்டம் அதிகாரம் தந்தது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே சான்சரியின் படியேற வேண்டும். வருமானம் குறைந்த பள்ளிக்கு வழக்குச் செலவே தாங்காது. ஏற்கெனவே பதவியில் இருந்த ஆசிரியரின் உரிமைகளுக்கும் அச்சட்டம் பாதுகாப்பு வைத்திருந்தது. மாணவர் குறைந்தாலும் அவர் வருமானம் குறையாது. 1860-களில், இத்தகைய பள்ளிகளை ஆராய அமைக்கப்பட்ட டான்டன் ஆணையம் நேரில் பார்த்தபோது, தேம் என்ற ஊரில் இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு மாணவன் இருந்தான். நிலைமை நிஜமாகவே மாறியது 1869-இன் அறக்கட்டளைப் பள்ளிகள் சட்டத்துக்குப் பிறகுதான். அதன்படி அமைந்த மூன்று ஆணையர்கள் பழைய நிபந்தனைகளைத் திருத்திப் புதுத் திட்டம் வகுக்கலாம். பெண்கல்விக்கும் பங்கு ஒதுக்கலாம். எல்டன் தீர்ப்பைவிட இதுவே பெரிய திருப்பம் என்பது என் கருத்து. கட்டுரையில் இது இடம்பெறாதது பெருங்குறை.

இன்னொன்று. தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவான பள்ளிகளுக்கு மாறும்படி கேட்ட 1965-இன் 10/65 அரசுச் சுற்றறிக்கையால் லீட்ஸ் பள்ளி ஒழிந்தது போல எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை உள்ளூர்க் கல்வி அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டது. லீட்ஸ் கிராமர் ஸ்கூலோ மத்திய அரசிடம் நேரடி மானியம் பெற்ற பள்ளி. அதற்கு ஈடாக, குறைந்தது கால்வாசி இடங்களை அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். 1975-இல் அந்த மானியத்தை நிறுத்த அரசு முடிவெடுத்தபோது இரண்டே வழிகள் இருந்தன: உள்ளூர் அரசுப் பள்ளி அமைப்பில் சேர்வது, அல்லது முழுக் கட்டணப் பள்ளியாவது. லீட்ஸ் இரண்டாவதைத் தேர்ந்தது. இலவசக் கல்விக்காக எழுதிய உயிலில் பிறந்த பள்ளி அங்கேதான் தடம் மாறியது.

1859-இல் பள்ளி குடியேறிய கோதிக் பாணிக் கட்டடத்தை வடிவமைத்தவர் எட்வர்ட் மிடில்டன் பாரி. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரியின் மகன். 1997-இல் பள்ளி நகரின் வடக்கே ஆல்வுட்லிக்குப் போனதும் கட்டடம் லீட்ஸ் பல்கலைக்கழகத்திடம் சேர்ந்து, அதன் வணிகவியல் கல்லூரியானது. கட்டுரையோடு வந்த படம் அதுதான். “பள்ளியின் இன்றைய தோற்றம்” என்ற படக்குறிப்பு பொருந்தாது.

கால அட்டவணையில் “2005: மூடப்பட்டது” என்பதையும் “2005: 1876-இல் தொடங்கிய லீட்ஸ் கேர்ள்ஸ் ஹை ஸ்கூலுடன் இணைந்தது; 2008 முதல் ‘தி கிராமர் ஸ்கூல் அட் லீட்ஸ்’ என்ற பெயரில் ஒரே பள்ளியாக இயங்குகிறது” என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்