பாதத்தையும் பரிசோதிப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தும், எங்கள் தோட்டப்புறத்தில் இரத்தத்தைத் தவறாமல் பரிசோதிப்பவர்கள்கூடப் பாதத்தைக் காட்டுவதில்லை. நீரிழிவால் பாத நரம்பு மரத்துப்போனவருக்குச் சப்பாத்துக்குள் புகுந்த செம்பனை முள் குத்துவதே தெரியாது. காலுறையில் சீழ் கண்ட பிறகே கிளினிக்கிற்கு ஓடுகிறார்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியை அறியும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் தினமும் விரலிடுக்கு முதல் குதிகால் வரை பார்ப்பதும், குனிய முடியாத முதியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வதும் அவசியம். தைப்பூசத்திற்கு வெறுங்காலுடன் நடக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கு (பக்தியை நான் குறைகூறவில்லை) ஆலய நிர்வாகங்கள் முன்கூட்டியே பாதப் பரிசோதனை முகாம் நடத்தலாம்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட்