திங்கக்கெழமை தாட்டி உடு, அம்முணி

பல்லடம்
மார்கழி 6

அம்முணிக்கு,

"அட்ரஸ் மாறுதுங்கப்பா, பல்லிகளையும் பாம்பையும் மொதல்ல அனுப்பணும்." ரெண்டு மாசத்துக்குப் பொறவு நீ போட்டது இந்த ஒரு வரிதான். சிகாகோக் கூதலை நெனச்சாத் தூக்கம் வரலை. தொரட்டிக்காட்டு வேவாரம் முடிஞ்சுது, அம்மிச்சிக்கு முட்டிவலி தேவலை. மத்த சேதி பொறவு.

நம்ம ஹேச்சரிக் கோழிக்குஞ்சுப் பொட்டிக் கணக்கைப் பல்லிக்குப் போடாத. நூறு குஞ்சு ஒண்ணையொண்ணு சூடாக்கிக்கும், வயித்து மஞ்சக்கரு மூணு நாள் தாங்கும். பல்லிக்குச் சொந்தச் சூடு கெடையாது. பொட்டி எத்தனை குளுந்துதோ, அத்தனைதான் அதும் உடம்பும். அதனால முக்கால் அங்குலத் தெர்மாகோல் ஆறு பக்கமும் வேணும். பல்லிகளை ஒட்டுக்காப் போடாத, வாலை உதுத்துரும். ஓட்டை போட்ட கிண்ணத்துல ஒவ்வொண்ணா, டிஷ்யூவைக் கசக்கி வெச்சு உடு. பைத்தானைத் துணிப்பையில உட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போடு. பொட்டிக்குள்ள எதுவும் உருளாத அளவுக்குப் பேப்பர் அடை.

ஹீட் பேக்குலதான் எச்சுப் பேரு ஏமாறுறாங்க. உள்ள இருக்கறது இரும்புத்தூள், காத்தைக் குடிச்சுத்தான் சூடாகும். கவரைப் பிரிச்சு ஒரு மணி நேரம் வெளிய வெச்சு, சூடு ஏறினதைத் தொட்டுப் பாத்துப்போட்டு மூடிக்கு அடியில ஒட்டு. டேப்பால முழுசாச் சுத்தினா மூச்சடங்கி அணைஞ்சு போகும். பொட்டியில பென்சில் கனத்துக்கு நாலு ஓட்டை இருக்கணும். பேக்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல பேப்பர் மடிச்சு வெய்யி. 40 மணி நேரம் எரியற பேக்கு சுருக்காச் சுடும், 72 மணி நேரத்துது நெதானமா எரியும். லேசாக் குளுந்து சுருண்ட பல்லி திரும்ப எந்திரிச்சுக்கும், வெந்தது எந்திரிக்காது. மொதல்ல வெறும் பொட்டியில தெர்மாமீட்டரைப் போட்டு ஒரு ரா வெளிய வெச்சுப் பாரு, 21லிருந்து 27 டிகிரிக்குள்ள நிக்கணும். வெளிய 4 டிகிரிக்குக் கீழ போனா அன்னைக்கு அனுப்பாத.

பாம்புக்கு ஒரு வாரம், பல்லிக்கு மூணு நாள் எரை நிறுத்து. கூதல்ல செரிமானம் நின்னு உள்ளயே அழுகும். தண்ணிக் கிண்ணம் வேண்டாம், கொட்டி நனைச்சுப்போடும்.

அமெரிக்கத் தபால்ல பல்லியை வாங்குவாங்க, பாம்பை வாங்க மாட்டாங்க. பைத்தானுக்கு, பாம்பை எடுத்துக்கற கூரியர்ல ஒரே ராத்திரியில போற சர்வீஸ் பாத்துக்க. திங்கக்கெழமை சாயங்காலம் கடைசி நேரத்துல கொண்டுபோய்க் குடு. வெள்ளிக்கெழமை மட்டும் வேண்டாம் சாமி, சனி ஞாயிறு குடோன்லயே கெடக்கும்.

பந்தாச் சுருண்டுக்கற அந்த பால் பைத்தான் பாம்பு முட்டையை 31 டிகிரியில ரெண்டு மாசம் அடை வெச்சுப் பொரிக்க வெச்சவ நீ. ஹேச்சரிக்காரன் பெத்த புள்ளைன்னு நோம்பிக்கு வந்த ஒரம்பரைகிட்டயெல்லாம் சொன்னேன். அத்தனை பொறுமை இருக்கறவளுக்கு அப்பனைக் கூப்பிட ரெண்டு நிமிசம் இல்லாமப் போச்சா?

பொட்டிமேல அனுப்பறவங்க பேரு, வாங்கறவங்க பேரு, எந்த உயிரு, எத்தனைன்னு எழுதறது அங்க சட்டம். நீ அனுப்பின லேபிள் போட்டோவுல ரெண்டு எடத்துலயும் உன் பேரு ஒண்ணுதான் இருக்குது. மூணு தடவை பெருசு பண்ணிப் பாத்தேன்.

ஐப்பசியில "அப்பா, ஒண்ணு சொல்லணுங்க"ன்னு ஆரம்பிச்சியே, குஞ்சு ஏத்த வண்டி நிக்குதுன்னு போனை வெச்சேன். அன்னைக்கு வண்டியே இல்லை கண்ணு. சொல்லப்போறது என்னன்னு கொரல்லயே தெரிஞ்சுபோச்சு. கேக்கப் பயந்துக்கிட்டேன். உங்கம்மாகிட்டக்கூட இதை இன்னும் சொல்லலை.

பொட்டி வந்ததும் பிரிச்சு, ரூம் சூட்டுலயே சித்த நேரம் வெய்யி, ஒடனே லைட்டுக்கு அடியில வெக்காத. தண்ணி வெய்யி, எரை ஒரு வாரம் கழிச்சுப் போதும். வெள்ளிக்கெழமை அனுப்பாத.

எல்லாம் உசுரோட வந்து சேந்துதான்னு கூப்பிட்டுச் சொல்லு, இங்க நடுராத்திரியானாலுஞ் சரி. அன்னைக்குச் சொல்ல வந்ததையும் சொல்லு.

அப்பா