மஸில் பிரேக் வாங்குமுன்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. அறுவை முடிந்த தோள் தேறிவருகிறது, கை முழுதாக மேலே போகிறது என்று படித்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். டெக்சாஸ் வெயில் தாங்கவில்லை. ரேஞ்சில் விடிந்ததுமே சுட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கொலராடோவுக்கு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகுமுன் உன் .300 வின் மேக் ரைஃபிளுக்கு (மருந்து அதிகம் உள்ள மேக்னம் வகைத் தோட்டா) மஸில் பிரேக் போடலாமா என்று கேட்டிருந்தாய். பின்னுதையை, அதாவது சுட்டதும் ரைஃபிள் தோளில் இடிப்பதை, குறைக்க பேரல் (குழல்) முனையில் மாட்டும் துளையுள்ள உருளைதான் அது. போட்டால் தோளுக்கு இதம்தான். ஆனால் அதற்கு விலை கொடுப்பது உன் காதும், உன் பக்கத்தில் இருப்பவர் காதும். முழுதாகச் சொல்கிறேன், பிறகு முடிவு செய்.

முதலில் கணக்கு. 180 கிரெயின் குண்டு, அதாவது 11.7 கிராம், விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னால் எரிந்த சுமார் 72 கிரெயின் வெடிமருந்து வாயுவாகி, குண்டைவிட ஏறத்தாழ முக்கால் மடங்கு கூடுதல் வேகத்தில் வெளியே பாய்கிறது. இரண்டையும் கூட்டினால், உன் தோளில் விழும் உந்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வாயுவினுடையது. பிரேக் கை வைக்கக்கூடியது அந்தப் பங்கில் மட்டும்தான். வாயுவைப் பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பி, ரைஃபிளை முன்னோக்கி இழுக்கிறது. அதைவிடச் சிறிய .308 தோட்டாவில் வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. கனமான குண்டும் குறைந்த அழுத்தமும் கொண்ட .45-70 போன்ற பழைய தோட்டாவில் பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. மேக்னத்தில்தான் அது உண்மையாக உழைக்கிறது.

விளம்பரத்தில் '50 சதவீதம் குறைப்பு' என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் பின்னுதையின் ஆற்றலைக் குறிக்கும். உந்தம் 30 சதவீதம் குறைந்தாலே ஆற்றல் பாதியாகிவிடும். வேகத்தின் வர்க்கம் அல்லவா. பொய் இல்லை, ஆனால் தோள் உணர்வது அந்த எண்ணை மட்டும் அல்ல. இன்னொன்றையும் மறக்காதே: குண்டு பேரலை விட்டு வெளியேறும்வரை பிரேக் எதுவும் செய்வதில்லை. அதற்குள்ளேயே எட்டரை பவுண்டு ரைஃபிள் 2 மில்லிமீட்டர் பின்னால் வந்துவிடும். பிடி தளர்ந்திருந்தால், தோளில் சரியாகப் பொருந்தாமல் இருந்தால், குண்டு போகும் இடம் அந்த 2 மில்லிமீட்டரிலேயே கெட்டுவிடுகிறது. பிரேக் அதைச் சரிசெய்யாது.

இனி காது. பிரேக் இல்லாத மேக்னம் ரைஃபிளே சுடுபவர் காதருகே 160 டெசிபலை ஒட்டி முழங்கும். திடீர் வெடியொலிக்கு அமெரிக்கப் பணியிட விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு 140. பிரேக் போட்டால் இன்னும் 5 முதல் 10 டெசிபல் ஏறும். 6 ஏறினாலே ஒலியழுத்தம் இரட்டிப்பு. ஒரே ஒரு வெடி போதும், காதில் வாழ்நாள் முழுக்க இரைச்சல் தங்கிவிட. ஆகவே பிரேக் உள்ள ரைஃபிளுக்கு இரட்டைப் பாதுகாப்பு கட்டாயம்: உள்ளே நுரை அடைப்பான், மேலே காதை முழுக்க மூடும் மஃப். அடைப்பானை மெல்லியதாக உருட்டி, எதிர்க்கையால் காதுமடலை மேலே இழுத்து, ஆழமாகச் செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடி. அரைகுறையாகச் செருகினால், எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டியில் போட்ட எண் கிடைக்காது. இரண்டையும் போட்டாலும் இரண்டின் எண்களையும் கூட்டிக்கொள்ளக் கூடாது. பெரிய எண்ணோடு 5 டெசிபல் சேர்த்துக்கொள், அவ்வளவுதான். இன்னொரு தொல்லை: கன்னத்தை ஸ்டாக்கில் (ரைஃபிளின் பின்கட்டையில்) வைத்ததும் மஃபின் கீழ்விளிம்பு இடித்து இடைவெளி விழும். மெலிந்த மஃபாக வாங்கு. கண்ணாடியின் தடித்த காதுக்கம்பியும் அதே இடைவெளியை உண்டாக்கும்.

சத்தம் மட்டுமா? காற்றலை முகத்தில் அறைகிறது. கூரையும் பக்கச்சுவரும் உள்ள ரேஞ்சில் அது திரும்பி வந்து மறுபடி அறையும். தோளில் வலியே இல்லாமல், காற்றலை இப்படி அறைவதற்குப் பயந்தே கண்ணை மூடி டிரிகரைச் சுண்டும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. கண்டுபிடிக்க வழி எளிது: நண்பர் ஒருவரை உனக்குத் தெரியாமல் வெடிக்காத டம்மி தோட்டாக்களைக் கலந்து மேகசினில் போடச் சொல். டம்மியில் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு துள்ளினால் பழக்கம் வந்துவிட்டது. படுத்துச் சுடும்போது புழுதி வேறு. சுற்றிலும் துளை உள்ள பிரேக் தரையை ஊதிக் கிளப்பும். பக்கத்தில் மட்டும் துளை உள்ளது மேல். முனைக்குக் கீழே பாய் விரி, அல்லது தண்ணீர் தெளி.

அப்படியானால் துல்லியப் போட்டிக்காரர்கள் ஏன் அதை விடுவதில்லை? தம் குண்டு விழும் இடத்தைத் தாமே பார்க்கத்தான். 6.5 கிரீட்மூர் என்ற மென்மையான தோட்டாவில் நல்ல பிரேக் இருந்தால் ரைஃபிள் துள்ளாது. இலக்குத் தகட்டில் பட்ட இடமும் தவறினால் எழும் மண்ணும் ஸ்கோப்பிலேயே தெரியும், அடுத்த வெடியை அப்போதே திருத்தலாம். அங்கே எல்லோரும் காதை மூடியிருக்கிறார்கள். வேட்டையில் வழிகாட்டி உன் தோளுக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பார், பெரும்பாலும் வெறுங்காதோடு. பிரேக் போட்ட ரைஃபிள் என்றாலே முகம் சுளிக்கும் வழிகாட்டிகள் நிறையப் பேர்; நியாயமான சுளிப்பு.

போடுவதென்றே முடிவெடுத்தால் பொருத்துவதில் கவனம் வேண்டும். மரை பேரலின் உள்துளையை மையமாகக் கொண்டு வெட்டப்பட வேண்டும். வெளிவட்டத்தை நம்பி வெட்டும் லேத்காரரிடம் கொடுக்காதே. பிரேக்கின் வெளித்துளை குண்டைவிட அரை மில்லிமீட்டர் அகலமாக இருப்பது வழக்கம். பொருத்தியபின் அலைன்மென்ட் கம்பியை உள்ளே விட்டு, அது துளையின் நடுவில் நிற்கிறதா பார். நிற்காவிட்டால் சுடவே கூடாது. நசுங்கும் வாஷர் வேண்டாம், ஒருபக்கமாக அழுத்திக் கோணலாக்கும். ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) அல்லது லாக் நட் (பூட்டு நட்) உள்ளதை வாங்கு. லாக் நட் வகையை, மரை முடியும் பேரலின் படிவரை திருகி, ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி, துளைகளை மட்டமாக்கி, பிரேக்கை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கு. பேரலைத்தான் வைஸில் பிடிக்க வேண்டும். ஆக்ஷனை (பேரலுக்குப் பின்னால் உள்ள இயங்கு பகுதியை) பிடித்துக்கொண்டு பிரேக்கைக் கழற்றினால் சில சமயம் பேரலே தளரும். பத்து வெடிக்குப் பின் வெளித்துளையைச் சுற்றிக் கரி சமமாகப் படிந்திருக்கிறதா பார். ஒரு விளிம்பில் செம்புத் தீற்றல் தெரிந்தால் குண்டு உரசுகிறது. பேரலைச் சுத்தம் செய்யும்போது பிரேக்கைக் கழற்றிவிடு. கழற்றினாலும் போட்டாலும் முனை எடை மாறி, குண்டு விழும் இடமும் மாறும். இரண்டு நிலையிலும் சுட்டு, எத்தனை கிளிக் வித்தியாசம் என்று எழுதி ஸ்டாக்கில் ஒட்டிவை.

உன் நிலையில் நானாக இருந்தால் சப்ரஸர், அதாவது சத்தம் குறைக்கும் குழாய், வாங்குவேன். அதுவும் வாயுவைத் தடுத்துப் பின்னுதையைக் கணிசமாகக் குறைக்கும், முனையில் எடையும் சேர்க்கும், சத்தத்தையும் 140க்குப் பக்கத்தில் கொண்டுவரும். காதடைப்பு அப்போதும் வேண்டும். 200 டாலர் கூட்டரசு வரி 2026 ஜனவரி முதல் இல்லை. விரல்ரேகையும் பதிவும் இன்னும் இருக்கின்றன. நீளமும் எடையும் கூடுவதுதான் குறை. அதுவும் ஒத்துவராவிட்டால், நல்ல ரப்பர் பேட் போட்டு இந்தப் பருவத்துக்கு .308 எடுத்துப் போ. தோளில் விழும் உந்தம் மேக்னத்தைவிட முக்கால் பங்குக்கும் குறைவு; 300 மீட்டருக்குள் எல்க்குக்குத் தாராளம்.

எதற்கும் பேரல் முனையின் விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுது. 19 மில்லிமீட்டர் இருந்தால் 5/8-24 மரை (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று) தாராளமாக வரும். 16 அல்லது 17தான் என்றால் 9/16-24 போடச் சொல். 1/2-28 மட்டும் வேண்டாம்: .30 பேரலில் சுவர் 2 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும், தவிர .22 அளவு சப்ரஸரை யாராவது தவறி மாட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

அன்புடன்,
முரளி