உச்சி வேறு, கொண்டை வேறு

பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் கொண்டை அழகாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால்தான் முடி தலையோடு ஒட்டிப்போய், நெற்றி அகலமாகத் தெரிகிறது. முகமும் சோர்ந்த மாதிரி இருக்கிறது. தோழியின் கல்யாணத்துக்கு முன்னால் தோள் வரைக்கும் வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வெட்ட ஆசையாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள், அது உன் தலை, உன் விருப்பம். ஆனால் உச்சி படிந்துபோகிறது என்ற ஒரே காரணத்துக்காக வெட்டாதேம்மா. அதற்கு வழி இருக்கிறது. ஊரிலுள்ள மணப்பெண்களுக்கெல்லாம் தலை சீவிவிடுகிற நான், அன்றைக்கு உன் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம். அதனால் கை செய்வதை எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

முதலில் உன் முடி ஏன் படிகிறது என்று தெரிந்துகொள். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். வருஷத்துக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். இடுப்பைத் தொடுகிற உன் முடியின் நுனி, நீ ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் முளைத்தது. அவ்வளவு நீளத்தின் பாரமும் வேரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு நீ எல்லா முடியையும் ஒன்றாக வாரி, ஒரே ரப்பர் பேண்டில் இறுக்கிக் கட்டி, அதையே சுற்றிக் கொண்டை போடுகிறாய். கொண்டையின் முழு பாரமும் உச்சி முடியில் தொங்குகிறது. காலையில் சீப்பு வாலால் தூக்கிவிட்டாலும் பதினோரு மணிக்கெல்லாம் இறங்கிவிடும்.

ஆகவே உச்சி முடியைத் தனியாக எடுத்துத் தனியாகக் குத்த வேண்டும். கொண்டையைக் கீழே இருக்கும் முடியில் போட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கக் கூடாது. கடைக்கு வருகிற பெண்களிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆனால் வேலை கல்யாணத்துக்கு முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. முகூர்த்தம் காலையில் என்பதற்காக ஐந்து மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்து, பாதி ஈரத்தோடு வாரிக் கட்டாதே. முடிக்குள் கெரட்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் இழைகளைப் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டதும் விட்டுவிடும். காயும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். வேர் ஈரமாக இருக்கும்போது அழுத்தி வாரினால் அது அழுந்தியபடியே காயும், அப்புறம் நீ என்ன தூக்கினாலும் நிற்காது. தூக்கிய நிலையில் காயவைத்தால் தூக்கியே நிற்கும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் அந்தப் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரத்தான் செய்யும். அதனால்தான் வேரை ஒரு துளி ஈரம் இல்லாமல் காயவைக்க வேண்டும் என்கிறேன்.

முந்தைய நாள் சாயங்காலம் தலைக்குக் குளி. எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் அதற்கும் இரண்டு நாள் முன்னால் வைத்து நன்றாக அலசிவிடு. கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் போடு. உச்சியில் பட்டால் முடி வழுவழுவென்று ஆகி ஊசி நிற்காது. துண்டால் ஒற்றி எடுத்தபின் குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு, ட்ரையரை மிதமான சூட்டில் வைத்து வேரை மட்டும் விரலால் அளைந்துகொண்டே காயவை. நீளத்தை மின்விசிறி பார்த்துக்கொள்ளும்.

தொண்ணூறு சதவீதம் காய்ந்ததும் நிமிர்ந்து, உச்சியில் மூன்று பிடி முடி எடு. ஒவ்வொன்றையும் நேராக மேலே, கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, வேரில் சூட்டைக் காட்டி, பெரிய ரோலரில் சுற்றி விட்டுவிடு. ஆறும்வரை தொடாதே. சூட்டில் இளகியது ஆறும்போதுதான் நிற்கும். அவசரப்பட்டு எடுத்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

வகிடும் ஒரு காரணம். நீ சின்ன வயதிலிருந்தே நடு வகிடு எடுப்பதால் முடி இரண்டு பக்கமும் படிந்தே பழகிவிட்டது. காயவைக்கும்போது வகிட்டை இடம் மாற்றி எதிர்ப்பக்கம் தள்ளிக் காயவை. பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் வேர் தானாகக் கொஞ்சம் எழுந்து நிற்கும். நெற்றிச்சுட்டி வைப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு வகிடு நெற்றியிலிருந்து மூன்று விரல் நீளம் இருந்தால் போதும். அதற்குப் பின்னால் பஃப், அதாவது தூக்கி நிறுத்தும் உச்சி முடி, தொடங்கட்டும்.

காலையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வால் சீப்பால், ஒரு புருவ வளைவிலிருந்து மறு புருவ வளைவுவரை அகலம் வைத்து, உச்சிக்குழிவரை முடியைப் பிரித்து மேலே கிளிப் போட்டுவிடு. மீதி எல்லாவற்றையும் தாழ்வாக, கழுத்துக்கு மேலே குதிரைவால் கட்டு. இதுதான் கொண்டையைத் தாங்கப்போகிறது. இப்போது உச்சி முடியைப் பின்னாலிருந்து முன்னாக விரல் கன அடுக்குகளாகப் பிரி. ஒவ்வொரு அடுக்கையும் நிமிர்த்திப் பிடித்து, வேரிலிருந்து நாலு விரல் தள்ளி சீப்பை வைத்து வேரை நோக்கி மெல்லத் தள்ளு. மூன்று தடவை போதும். மேலும் கீழும் சீவாதே, ஒரே திசையில் தள்ளு. கடைசி அடுக்கை, நெற்றிக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் தொடாமல் விட்டு, அதை மேலே போர்த்து. அது வழவழப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் சிடுக்கு வெளியே தெரியாது.

இனிமேல்தான் கை பழக வேண்டியது. போர்த்திய முடியை ஒன்றாகச் சேர்த்து, இழுக்காமல், ஒரே ஒரு முறுக்கு கொடு. முறுக்கிய இடத்தைப் பிடித்துக்கொண்டு நெற்றிப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளு. தள்ளும்போது உச்சி எழும்புவது உன் கைக்கே தெரியும். அங்கேயே நிறுத்தி இரண்டு ஹேர்பின்னைக் குறுக்குமறுக்காகக் குத்து. பின்னின் நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்கட்டும், அப்போதுதான் பிடிக்கும். வலித்தால் குத்திய விதம் தப்பு, எடுத்துவிட்டுத் திரும்பக் குத்து. அந்த முடியின் நுனியைக் கீழே இருக்கும் குதிரைவாலோடு தளர்வாகச் சேர்த்துச் சுற்றிவிடலாம். பாரம் கீழேதான் இருக்கும்.

கொண்டைக்கு வளைந்த கொண்டை ஊசி. கொண்டையின் ஓரத்து முடியில் கொஞ்சத்தைக் கோத்து, ஊசியைத் திருப்பி உள்பக்கமாகச் செருக வேண்டும். இப்படிக் குத்தினால் ஐந்தாறு ஊசியே உன் கொண்டைக்குப் போதும். முடித்த பிறகு வால் சீப்பின் நுனியை உச்சிக்குள் விட்டு அங்கங்கே லேசாக நெம்பிவிடு. கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் பார்க்காதே. பக்கவாட்டில் பார்த்தால்தான் அளவு தெரியும். உன்னுடைய வட்ட முகத்துக்கு ஒன்றரை விரல் உயரம் போதும். காதோரம் புடைக்காமல் உச்சி மட்டும் எழும்பியிருந்தால் முகம் நீளமாகத் தெரியும்.

சீப்பைத் தள்ளிச் சிடுக்காக்குகிற இந்தப் பழக்கத்தைப் பற்றி இன்னொன்று. 1960ல் அமெரிக்காவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற சிகை அலங்காரக் கலைஞர், ஓர் அழகுக்கலைப் பத்திரிகை கேட்டுக்கொண்டதற்காக, இப்படிச் சிடுக்காக்கியே தேன்கூடு போல உயர்ந்து நிற்கும் கொண்டையை உருவாக்கினார். அது உலகம் முழுக்கப் பரவியது. நம் வீட்டுப் பழைய ஆல்பத்தில் பெரியம்மாவின் தலையில் இருப்பதும் அதன் சாயல்தான். விசேஷத்துக்கு ஒரு நாள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தினமும் வேண்டாம். முடியின் மேலே நுண்ணிய அடுக்குகள் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். நீ எதிர்த்திசையில் சீப்பைத் தள்ளும்போது அவை பெயர்கின்றன. தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி தன்னைச் சரிசெய்துகொள்ளாது. இன்று வேர்ப்பக்கம் கெடுத்த இடம், ஐந்தாறு வருஷம் உன் முடியிலேயே கீழே கீழே இறங்கிக்கொண்டு இருக்கும். நீளமுடிக்காரிகள் இதை மறக்கக் கூடாது.

அதனால் சாதாரண நாளில் உயரம் வேண்டுமென்றால் உள்ளே ஏதாவது வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. உன் அம்மாச்சி, சீவும்போது உதிர்ந்த முடியைக் கீழே போட மாட்டார். சுருட்டி ஒரு துணிப்பையில் சேர்த்து ஆணியில் மாட்டிவைப்பார். ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது இயல்புதான், அதனால் பை சீக்கிரம் நிறையும். அதை உருட்டி முடிக்கு அடியில் வைத்துக் கொண்டை போட்டால் சொந்த முடி, சொந்த நிறம், யாருக்கும் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெண்களும் மேசையில் மூடியில் ஓட்டை வைத்த பீங்கான் கிண்ணம் வைத்து, உதிர்ந்த முடியை இப்படியே சேர்த்தார்கள். உனக்கு அந்தப் பொறுமை இருக்கிறதோ என்னவோ. லிட்டில் இந்தியாவில் கறுப்பு வலை உருண்டை கிடைக்கிறது. சின்னதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை உச்சியில் இரண்டு ஹேர்பின்களால் பிடித்து, மேலே முடியைப் போர்த்தினால் சிடுக்கே வேண்டாம்.

பூ வைப்பதில் கவனம். பிரிக்பீல்ட்ஸில் மல்லிகைச் சரம் வாங்குவாய். வாடாமல் இருக்கப் பூக்காரர்கள் தண்ணீர் தெளித்தபடியே இருப்பார்கள். வாங்கியதும் நன்றாக உதறி, ஒரு துண்டில் கொஞ்ச நேரம் போட்டு வைத்த பிறகே தலையில் வை. இல்லாவிட்டால் நேற்றிலிருந்து காயவைத்த வேர் ஐந்து நிமிஷத்தில் நனைந்துவிடும். சரத்தை பஃப்புக்குக் கீழே, கொண்டையைச் சுற்றி வை. மேலே வைத்தால் பூவின் பாரமே உச்சியை அழுத்தும். எல்ஆர்டி ரயிலில் போவதானால் குடை எடுத்துக்கொள்.

நான் உண்மையில் கவலைப்படுவது உன் நெற்றியோரத்தைப் பற்றித்தான். படத்தில் காதுக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் கொஞ்சம் மெலிந்த மாதிரி தெரிந்தது. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கலாம். ஆனாலும் நீ வேலைக்குத் தினமும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் போகிறாய். நாள்தோறும் ஒரே இடத்தில் இழுபட்டால் அங்கே முடி உதிரும். பரத நாட்டியம் ஆடும் பிள்ளைகளிடமும், சீருடை வேலைக்காகக் கொண்டை போடும் பெண்களிடமும் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆரம்பத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருஷக்கணக்கில் விட்டால் வேரே செத்துவிடும், அப்புறம் எந்த எண்ணெயும் உதவாது. கட்டி முடித்ததும் புருவம் மேலே இழுபட்ட மாதிரி இருந்தாலோ, சாயங்காலம் அவிழ்க்கும்போது தலைத்தோல் வலித்தாலோ, அது இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். வேலை நாள்களில் பெரிய கிளிப்பில் தளர்வாகச் சுருட்டிப் போடு. இடத்தையும் மாற்றிக்கொண்டே இரு, ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே. மெலிவு உண்மையிலேயே இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

கல்யாணத்திலிருந்து வந்து களைப்பில் அப்படியே படுத்துவிடாதே. முதலில் பூ, பிறகு ஊசி, எல்லா ஊசியும் வந்ததா என்று தடவிப் பார். சிடுக்கான இடத்தில் கண்டிஷனர் தடவி, விரலால் நுனியிலிருந்து மேலே மேலே பிரி. சீப்பு கடைசியில்தான், அதுவும் அகலப் பல் சீப்பு.

வால் சீப்பு, ரோலர் மூன்று, கொண்டை ஊசி ஒரு பாக்கெட், அந்த வலை உருண்டை, எல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டி நாளைக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு முறை செய்து பழகிவிடு. உச்சியில் பின் குத்தும்போது உன் அறைத்தோழியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல், தனியாகச் செய்தால் கை வலிக்கும். செய்ததும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் முழித்திருப்பேன், எங்கே தளர்த்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா