1943-இல் அச்சான விண்ணப்பங்களையும் தேடிப் பாருங்கள்

சென்னை காப்புரிமை அலுவலக எக்ஸாமினர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன் நான். அதே மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டுப் பட்டறைகளுக்குப் பேடண்ட் (காப்புரிமை) தேடிக் கொடுப்பது தொழில். பாலக்காட்டு விண்ணப்பமும் கிண்டியிலுள்ள உங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்து சேர வேண்டும் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். ஒரு விண்ணப்பத்தில் உள்ளது புதியதுதானா என்று பார்க்க, முன்பு வெளியானவற்றை நீங்கள் தேடும்போது அமெரிக்கா 1943-இல் அச்சிட்ட விண்ணப்பங்களையும் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா எதிரி நாட்டாரின் சொத்துகளைக் கையகப்படுத்தியது. ஜெர்மானியர், ஜப்பானியர் மட்டுமல்ல, ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சுக்காரர்கள் அங்கே போட்டிருந்த பேடண்ட் விண்ணப்பங்களும் அதில் சிக்கின. ஏ.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்நியர் சொத்துக் காப்பாளர் (Alien Property Custodian) அலுவலகம், பேடண்ட் ஆகாத அந்த விண்ணப்பங்களை 1943-இல் அச்சிட்டு வெளியிட்டது. பேடண்ட் கிடைக்கும்வரை விண்ணப்பத்தை வெளியே காட்டாத காலம் அது. நிலுவையில் இருப்பதை வழக்கமாக வெளியிடும் முறை அமெரிக்காவில் 2001-இல்தான் வந்தது.

சிக்கல் எண்ணில் இருக்கிறது. இவற்றுக்குப் பேடண்ட் எண் கிடையாது. தாளின் தலைப்பில் ஒரு பக்கம் வெளியான தேதியும் ஏ.பி.சி. என்ற எழுத்தும், மறுபக்கம் விண்ணப்ப வரிசை எண்ணும் இருக்கும், அவ்வளவுதான். தேடல் நிறுவனம் ஒன்று எங்கள் பட்டறைக்காரர் ஒருவருக்குத் தந்த அறிக்கையில், மூன்று லட்சத்துச் சொச்சம் வரும் அப்படியொரு எண்ணை 'அமெரிக்கப் பேடண்ட்' என்றே போட்டிருந்தார்கள். அந்த எண்ணில் தேடினால் 1880-களின் பேடண்ட் ஒன்று வந்து நிற்கிறது. நம் எந்திரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வரிசை எண் என்றே எடுத்தாலும் தப்ப முடியாது: 1948-இல் அமெரிக்கர்கள் வரிசையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள், அதே எண்ணில் வேறொருவர் விண்ணப்பமும் உண்டு. விண்ணப்பித்தவர் பெயர், வரிசை எண், வெளியான தேதி மூன்றும் சேர்ந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

அமெரிக்க எக்ஸாமினர்களுக்கான கையேடே இதைப் பேடண்ட் என்று குறிப்பிடக்கூடாது, வெளியான தேதியிலிருந்து செல்லும் அச்சு வெளியீடு என்றுதான் காட்ட வேண்டும் என்கிறது. நம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(2) பிரிவும் இந்தியாவிலோ வேறெங்கோ வெளியான எந்த ஆவணத்தையும் பார்க்கச் சொல்கிறது. அப்புறம் என்ன தயக்கம்?

கஞ்சிக்கோட்டில் இதற்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். 1943-இலேயே ஊரறிய வெளியான ஓர் அமைப்பை இன்று யாராவது தன்னுடையது என்று உரிமை கோரினால், அதே சட்டத்தின் 25(1) பிரிவின் கீழ், பேடண்ட் கொடுக்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். லேத் பட்டறை முதலாளியும் எதிர்க்கலாம். ஆனால் வக்கீலுக்கும் தேடலுக்கும் பணம் கொட்ட அவரால் ஆகுமா? முதல் ஆய்வு அறிக்கையிலேயே நீங்கள் எடுத்துக்காட்டிவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

ஆகவே எந்திரம், மின்சாரம், வேதியியல் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது ஏ.பி.சி. வெளியீடுகளையும் தேடலில் சேருங்கள். எடுத்துக்காட்டினால் மேலே சொன்ன மூன்று விவரத்தையும் எழுதி, தாளின் நகலையும் அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள். எண்ணை மட்டும் கொடுத்தால் எங்களால் தேடிப் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பேடண்ட் தேடல்காரன்