தேறட்டும் சாரணியர்

மணப்பாறையில் 2025 ஜனவரி இறுதியில் தொடங்கிய சாரண சாரணியர் (ஸ்கவுட், கைடு) வைரவிழாப் பெருந்திரளணி (ஜம்போரி) குறித்த செய்திகளைப் படித்து மகிழ்ந்தேன். ஆயினும், பெருவிழாக்களைவிட, பிரவேஷ் என்னும் நுழைவுநிலை தொடங்கி ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார் விருது வரை படிப்படியாகத் தேறும் பயிற்சியே பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிறது. வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்கத் தயங்கிய என் எட்டாம் வகுப்பு மாணவி, முறிந்த கையை முக்கோணத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டும் முதலுதவித் தேர்வில் தேறியபின், இளையவர்களுக்குத் தானே கற்றுக்கொடுக்கிறாள். முடிச்சு பிசகினால் அவிழ்த்து மறுபடியும் கட்டச் சொல்கிறாள், அதட்டலோடு!

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பொதுத்தேர்வைக் காரணம் காட்டிச் சில பள்ளிகள் இப்பயிற்சியை நிறுத்திவிடுவது வேதனைக்குரியது. வாரம் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே இதற்கென ஒதுக்கி, தேறியோர்க்குக் காலை வணக்கக் கூட்டத்தில் சின்னம் அணிவிக்கப் பள்ளிக் கல்வித்துறை ஆணையிட வேண்டும்.

- சாரணியர் பொறுப்பாசிரியை, திருச்சி